கடலோரச் சிறுநகரத்தின் குடியிருப்புத் தெருக்களில் வாகன வேகத்தைத் தணிப்பது: ஓர் எளிய அறிமுகம்

குடியிருப்புத் தெருவில் வாகனங்கள் கண்மூடித்தனமாகப் பறக்கின்றன என்ற புகார் எழும்போது, பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது ஒரு வேகத்தடை; அதற்கு அடுத்தபடியாகக் கேட்கப்படுவது வேக வரம்பைக் குறிக்கும் ஒரு பலகை. இவ்விரண்டுக்கும் உரிய இடம் உண்டு. ஆனால் தெருவின் அகலம், வளைவு, சந்திப்பு, அது எங்கிருந்து எங்கே போகிறது என்ற அமைப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்து, ஓட்டுநர் தாமாகவே மெதுவாகச் செல்லும்படி சாலையை உருவாக்குவதற்கென ஒரு துறையே சென்ற அரை நூற்றாண்டில் வளர்ந்திருக்கிறது. அதைத் தமிழில் வேகத்தணிப்பு என்று அழைக்கலாம். கடலோரத்தில் அமைந்த ஒரு சிறிய நகரத்துக்கு அந்தத் துறையின் பொது விதிகள் அப்படியே பொருந்துவதில்லை. ஒரு பக்கம் முழுவதும் கடல், ஆண்டின் சில மாதங்களில் மட்டும் பெருகும் கூட்டம், காற்றில் வரும் மணல், உப்பு, தேங்கும் நீர் ஆகியவை கணக்கை மாற்றிவிடுகின்றன. அவற்றை இந்தக் கட்டுரை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறது.

முதலில், எந்த வேகத்தை இலக்காகக் கொள்வது என்ற கேள்வி. குடியிருப்புத் தெருக்களுக்கு உலகின் பல நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கும் எண் மணிக்கு 30 கிலோமீட்டர். இது ஏதோ ஒரு முழு எண்ணாக இருக்கட்டுமே என்று எடுத்துக்கொண்டதன்று. 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு கார் நொடிக்கு 8.3 மீட்டர் நகர்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வருவது நொடிக்கு 13.9 மீட்டர். ஒரு குழந்தை திடீரெனச் சாலைக்குள் ஓடிவருவதைக் கண்ட ஓட்டுநரின் கால் பிரேக்கை எட்ட ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த நல்ல சாலையில் முழு பிரேக் பிடித்தால் முதல் கார் அதன்பின் ஏறக்குறைய 5 மீட்டரில் நின்றுவிடும், அதாவது குழந்தையைக் கண்ட இடத்திலிருந்து மொத்தம் 13 மீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில். இரண்டாவது கார் அதே 13 மீட்டரைக் கடக்கும்போது அதன் ஓட்டுநர் பிரேக்கை இன்னும் தொட்டிருக்கவே மாட்டார். ஒரு கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தில் மற்றொரு கார் குறையாத வேகத்தில் மோதுகிறது என்பதுதான் இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள உண்மையான வேறுபாடு.

மோதலின் ஆற்றலும் வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கமாக, அதாவது வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய அளவில், கூடுகிறது. 30இலிருந்து 50க்கு வேகம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்குகூட ஆவதில்லை, ஆனால் ஆற்றல் 2.8 மடங்காகிவிடுகிறது. உயரத்தோடு ஒப்பிட்டால், 30 கிலோமீட்டர் வேக மோதல் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது முதல் மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். 50 கிலோமீட்டர் வேக மோதல் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு ஏற்படுத்தும் விபத்துகளின் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதனால்தான் 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய சாலைப் பாதுகாப்பு அமைச்சர்கள் மாநாட்டின் பிரகடனம், நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் வாகனங்களும் அடிக்கடி கலந்து செல்லும் பகுதிகளில் உச்ச வேகம் 30 கிலோமீட்டராக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் அந்தப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது.

விபத்தைத் தவிர்ப்பது மட்டுமே இதன் பயன் என்று நினைத்தால் பாதியைத்தான் பார்த்தவர்களாவோம். டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்னும் நகர வடிவமைப்பாளர் சான் பிரான்சிஸ்கோவில் அமைப்பில் ஒத்திருந்த மூன்று தெருக்களை ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 1972இல் வெளியானது. நாளொன்றுக்கு சுமார் 2,000 வாகனங்கள் சென்ற தெருவில் வாழ்ந்தவர்களுக்கு, 16,000 வாகனங்கள் சென்ற தெருவில் வாழ்ந்தவர்களைவிட அதே தெருவில் மூன்று மடங்கு நண்பர்கள் இருந்தார்கள். போக்குவரத்து மிகுந்த தெருவில் மக்கள் வீட்டின் பின்பகுதிக்கு ஒதுங்கி வாழ்ந்தார்கள். குறைந்த தெருவில் வாசலும் படிக்கட்டும் நடைபாதையும் வீட்டின் தொடர்ச்சியாக இருந்தன. எதிர்வீட்டு முதியவரைப் பார்க்கச் சாலையைக் கடக்கத் தயங்கும் நிலை வந்த பிறகு, விபத்து ஒன்றும் நடக்கவில்லை என்று பதிவேடு காட்டினாலும் அந்தத் தெரு பாதுகாப்பானது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பயந்து வெளியே வராதவர்கள் விபத்துக் கணக்கில் இடம்பெறுவதே இல்லை.

இதற்கு எதிராக வைக்கப்படும் நேர இழப்பு என்ற வாதத்தையும் எண்ணிப் பார்த்துவிடலாம். குடியிருப்புப் பகுதிக்குள் ஒருவர் அரை கிலோமீட்டர் ஓட்டிச் செல்கிறார் என்றால், 50 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு 36 நொடிகளும் 30 கிலோமீட்டர் வேகத்தில் 60 நொடிகளும் ஆகும். விட்டுக்கொடுக்க வேண்டியது 24 நொடிகள். சிறுநகரத்தில் பெரும்பாலான வீடுகள் பெரிய சாலையிலிருந்து இந்தத் தொலைவுக்குள்தான் இருக்கும்.

பலகை எவ்வளவு தூரம் உதவும்?

ஜெர்மனியின் புக்ஸ்டெஹூட என்ற சிறிய நகரம் 1983இல் அந்நாட்டின் முதல் 30 கிலோமீட்டர் மண்டலத்தை அமைத்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 1992இல் முதன்மைச் சாலைகள் தவிர்த்த ஊர் முழுவதற்கும் அந்த வரம்பை விரிவாக்கியது. ஸ்பெயின் 2021 மே மாதம் முதல், நகரப் பகுதிகளில் ஒரு திசைக்கு ஒரே தடம் கொண்ட சாலைகளுக்கெல்லாம் 30 கிலோமீட்டர் என்றும், நடைபாதையும் வண்டிப்பாதையும் ஒரே மட்டத்தில் இருக்கும் தெருக்களுக்கு 20 கிலோமீட்டர் என்றும் நாடு முழுவதற்குமான விதியை நடைமுறைப்படுத்தியது. வேல்ஸ் நாடு 2023 செப்டம்பர் 17 முதல் குடியிருப்புச் சாலைகளின் இயல்பு வரம்பை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாக, அதாவது ஏறத்தாழ 32 கிலோமீட்டராக, குறைத்தது. வேல்ஸின் நகரங்களில் பல கடலோரச் சிறுநகரங்கள் என்பதால் அந்த அனுபவம் நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது: வேகம் குறைந்தது, காயமுற்றோர் எண்ணிக்கையும் குறைந்தது, ஆனால் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள், பின்னர் சில சாலைகளைப் பழைய வரம்புக்கே திருப்பிக்கொள்ள உள்ளாட்சிகளுக்கு வழிவிடப்பட்டது.

இந்த எதிர்ப்பின் ஒரு பகுதி, அகலமாகவும் நேராகவும் வீடுகள் அருகில் இல்லாமலும் இருக்கும் சாலைகளில் பலகை மட்டும் மாறியதிலிருந்து வந்தது என்றே நான் கருதுகிறேன். ஓட்டுநர் தம் வேகத்தைப் பெரும்பாலும் கண்ணால் முடிவு செய்கிறார். எவ்வளவு தூரம் தெரிகிறது, இரு பக்கமும் எவ்வளவு இடம் இருக்கிறது, குறுக்கே யாராவது வரக்கூடுமா என்பவை அவர் அறியாமலேயே அவருடைய காலை இயக்குகின்றன. ஏழு எட்டு மீட்டர் அகலத்தில் தடையின்றி நீளும் ஒரு நேர்ச்சாலையில் 30 என்று எழுதினால், சட்டத்தை மதிக்கும் ஓட்டுநர்கூட வேகமானியைப் பார்த்துக்கொண்டேதான் போக வேண்டியிருக்கும். பலகை சட்டத்தின் கையில் ஒரு பிடியைக் கொடுக்கிறது, அண்டை ஊரிலிருந்து வருபவருக்குச் செய்தி சொல்கிறது. நாள்தோறும் இரவு பகலாக வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் வேலையைச் சாலையின் உருவம்தான் செய்ய முடியும்.

ஒரே தெரு, இரண்டு சிக்கல்கள்

கடலோர நகரத்தில் இந்த உருவம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. இதைத்தான் தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுகிறார்கள். கூட்டம் வரும் மாதங்களில் தெருவின் இருபுறமும் கார்கள் நிற்கின்றன, நடுவில் ஒரு வண்டி செல்லும் இடமே மிஞ்சுகிறது, கடற்கரைக்கு நடப்பவர்கள் சாலை முழுவதும் பரவியிருக்கிறார்கள். அப்போது வேகம் தானாகவே குறைந்துவிடும், சிக்கல் எண்ணிக்கைதான். கூட்டம் கலைந்த மாதங்களில் அதே தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. நின்றிருந்த கார்கள் போனதும் சாலையின் கண்ணுக்குத் தெரியும் அகலம் இரட்டிப்பாகிறது, ஆட்களும் இல்லை. ஓட்டுநரின் கால் அழுத்துகிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து செல்வதும் முதியவர்கள் மாலையில் உலாவுவதும் பெரும்பாலும் இந்த வெறிச்சோடிய மாதங்களில்தான்.

ஆகவே, விடுமுறைக் காலத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அளவெடுத்துவிட்டு, இங்கே சராசரி வேகம் 18 கிலோமீட்டர்தான், வேகத்தணிப்பு தேவையில்லை என்று முடிவு செய்தால் அது தவறாகிவிடும். மறுபுறம், வெறும் வேகத்தை மட்டும் குறைத்துவிட்டால் விடுமுறைக் காலத்தில் வந்து குவியும் வண்டிகளின் எண்ணிக்கை குறையப்போவதில்லை. கூட்டக் காலத்தில் நிற்கும் கார்கள் செய்யும் குறுக்கும் வேலையை, அவை இல்லாத மாதங்களிலும் செய்யக்கூடிய நிலையான ஒரு வடிவத்தைத் தெருவுக்குக் கொடுப்பதே ஒரு நல்ல திட்டத்தின் அடிப்படை என்பது என் உறுதியான கருத்து. நிறுத்துமிடங்களின் தொடக்கத்திலும் முடிவிலும் நடைபாதையைச் சாலைக்குள் நீட்டிக் கட்டி, அந்த நீட்சியில் செடியோ மரமோ வைத்துவிட்டால், கார்கள் நின்றாலும் நிற்காவிட்டாலும் ஓட்டுநர் காணும் அகலம் ஒன்றாகவே இருக்கும். சாலையைக் கடப்பவர் நடக்க வேண்டிய தூரமும் குறையும், நிற்கும் கார்களுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்க வேண்டிய நிலையும் இராது.

யார் இந்தத் தெரு வழியே போக வேண்டும்?

கருவிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும். பெரும்பாலான கடலோரச் சிறுநகரங்களின் அமைப்பு ஒரே மாதிரியானது: கரையை ஒட்டி ஒரு சாலை, சற்று உள்ளே அதற்கு இணையாக ஊரின் முதன்மைச் சாலை, இரண்டையும் இணைக்கும் பல குறுக்குத் தெருக்கள். உள்நாட்டு நகரத்தில் ஒரு சாலை நெரிந்தால் போக்குவரத்து நான்கு திசைகளிலும் பிரியலாம். இங்கே ஒரு பாதி கடல் என்பதால் அது குறுக்குத் தெருக்களுக்குள்தான் நுழைய முடியும். வழிகாட்டும் கைபேசிச் செயலிகள் முதன்மைச் சாலையில் நெரிசலைக் கண்டதும், அதுவரை உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்த சந்துகளை வெளியூர் ஓட்டுநருக்குக் காட்டிக்கொடுக்கின்றன. வண்டி நிறுத்த இடம் தேடுபவர்கள் ஒரு குறுக்குத் தெருவில் இறங்கி, கரையோரமாகச் சென்று, அடுத்த தெருவில் ஏறி, மீண்டும் மீண்டும் வட்டமிடுகிறார்கள்.

இத்தகைய ஊடுபோக்குவரத்தை ஒரு தெருவில் வேகத்தடை போட்டுத் தடுத்தால் அது பக்கத்துத் தெருவுக்குப் போகும். அங்கே இருப்பவர்கள் தங்களுக்கும் ஒன்று கேட்பார்கள். எனவே ஊரை வட்டாரங்களாகப் பிரித்துப் பார்ப்பதே முறை. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977இல் தன் மையப் பகுதியை நான்கு பகுதிகளாகப் பிரித்தது. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் காரில் போகலாம், ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராகப் போக முடியாது. வெளியே வந்து சுற்றுச்சாலை வழியாகத்தான் நுழைய வேண்டும். நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும் அந்தத் தடை இல்லை. எந்த வீடும் துண்டிக்கப்படவில்லை, குறுக்குவழி மட்டும் மறைந்துபோனது.

கடலோர நகரத்துக்கு இந்த வகையில் ஒரு இயற்கையான வசதியும் இருக்கிறது. குறுக்குத் தெருக்கள் ஏற்கெனவே கடலில் முடிகின்றன. கரையோரச் சாலையின் ஓரிரு இடங்களில் வாகனத் தொடர்ச்சியைத் துண்டித்துவிட்டால், வட்டமிடுவது நின்று, ஒவ்வொரு குறுக்குத் தெருவும் அதில் வேலை உள்ளவர்களுக்கு மட்டும் உரியதாகிவிடும். இதற்கு ஈடாக, விருந்தினர் வண்டிகளுக்கான நிறுத்துமிடத்தை முதன்மைச் சாலையின் உட்பக்கத்தில் ஏற்படுத்தி, அங்கிருந்து கரைக்கு நிழலுள்ள நடைவழி ஒன்றை அமைக்க வேண்டும். அது இல்லாமல் துண்டிப்பை மட்டும் செய்தால் வண்டிகள் வீட்டு வாசல்களில் வந்து நிற்கும்.

ஸ்பெயினின் வடமேற்கில், கடல் உள்நுழையும் கழிமுகத்தில் அமைந்திருக்கும் போன்டெவெத்ரா நகரம் 1999 முதல் இந்த வழியில் நெடுந்தொலைவு சென்றிருக்கிறது. அங்கே மையப் பகுதியின் தெருக்களில் நடப்பவருக்கே முதன்மை. ஊடுபோக்குவரத்தும் வெறுமனே இடம்தேடிச் சுற்றும் போக்குவரத்தும் அகற்றப்பட்டன, ஆனால் சரக்கு இறக்குபவர்களும் அங்கே குடியிருப்பவர்களும் வாகனத்தில் வரலாம். நகரமே பெரிய மதில் எழுப்பிக்கொள்ளவில்லை. யாருக்கு அங்கே வேலை இருக்கிறது என்ற கேள்வியைத் தெளிவாகக் கேட்டதே அதன் வெற்றி.

வேகத்தடையின் இயக்கம்

இனி கருவிகள். வேகத்தடையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் மிக அதிகமாகப் பயன்படுத்தப்படுவதும் மிக மோசமாகக் கட்டப்படுவதும் அதுதான். ஓரடி நீளமே உள்ள, கூர்மையாக எழும் திட்டுகளைப் பல இடங்களில் காண்கிறோம். இவற்றின் மீது மெதுவாக ஏறினால் உடம்பு குலுங்குகிறது. ஆனால் வேகமாகச் சென்றால் சக்கரம் மட்டும் துள்ளி எழுந்து இறங்கிவிட, வண்டியின் மேற்பகுதி அதற்கு எதிர்வினை ஆற்றுவதற்குள் திட்டு கடந்துபோயிருக்கும். அதாவது கவனமாகச் செல்பவரைத் தண்டித்து, பறப்பவரைக் கிட்டத்தட்ட மன்னித்துவிடும் அமைப்பு அது. இருசக்கர வாகனத்தில் பின்னால் அமர்ந்திருப்பவரையும், முதுகு வலியோடு ஆட்டோவில் செல்பவரையும் அது காயப்படுத்தவும் கூடும்.

பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வுக்கூடம் 1970களில் இதற்கு மாறான ஒரு வடிவத்தைச் சோதித்துக் கண்டறிந்தது: 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட, வில்போல் மெல்ல உயர்ந்து தாழும் மேடு. நீளம் அதிகமாக இருப்பதால் முன்சக்கரமும் பின்சக்கரமும் மேட்டில் இருக்கும்போது வண்டி முழுவதும் அதன் வடிவத்தைப் பின்பற்றி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. வேகம் கூடக் கூட அசௌகரியமும் கூடுகிறது. உரிய வேகத்தில் வருபவருக்கு அது ஒரு மெல்லிய அலைபோலவே தோன்றும். இன்று பல நாடுகளில் உயரத்தை 7.5 சென்டிமீட்டராகக் குறைத்துக் கட்டுகிறார்கள்.

ஒற்றை மேடு பயனற்றது. அதைக் கடந்ததும் ஓட்டுநர் இழந்த நேரத்தைப் பிடிக்க விரைகிறார். முடுக்கும் ஓசையும் பிரேக்கின் கிரீச்சொலியும் பக்கத்து வீட்டாருக்குக் கூடுதல் தொல்லையாகின்றன. மண்டலம் முழுவதும் சீராக 30 கிலோமீட்டர் வேகம் இருக்க வேண்டுமானால் அடுத்தடுத்த தணிப்பு அமைப்புகளுக்கு இடையே 100 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்பதே பிரிட்டனின் 20 மைல் மண்டலங்களில் பின்பற்றப்பட்ட நெறி. அவை எல்லாம் மேடுகளாக இருக்க வேண்டியதில்லை. ஒரு திருப்பம், ஒரு சந்திப்பு, ஒரு குறுக்கம் என்று மாறி மாறி வரலாம்.

மேட்டின் உச்சியைத் தட்டையாக நீட்டினால் அது மேடைக் கடவை ஆகிறது. நடைபாதையின் மட்டத்திலேயே சாலையைக் கடக்க முடிவதால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் குழந்தை வண்டி தள்ளுபவருக்கும் இறங்கி ஏறும் வேலை இல்லை. வண்டிதான் ஏறி இறங்குகிறது, நடப்பவர் நேராகப் போகிறார். பேருந்து செல்லும் தெருவானால் தட்டைப் பகுதி குறைந்தது 6 மீட்டர் நீளம் இருப்பது நல்லது. பள்ளி வாசலுக்கும், கடற்கரைக்கு மக்கள் கடக்கும் இடத்துக்கும் இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியவில்லை. நெருப்பணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் அடிக்கடி செல்லும் வழியில் சாலையின் முழு அகலத்துக்கும் மேடு கட்டாமல், ஏறத்தாழ 1.6 அல்லது 1.7 மீட்டர் அகலமுள்ள தனித்தனித் திட்டுகளை அமைக்கலாம். அகன்ற சக்கர இடைவெளி கொண்ட பெரிய வண்டிகள் அவற்றைக் கால்களுக்கிடையே விட்டுக் கடந்துவிடும், சிறிய கார்கள் ஒரு சக்கரத்தையாவது ஏற்றியாக வேண்டும். இருசக்கர வாகனங்கள் இடைவெளி வழியே வேகம் குறையாமல் நழுவிவிடும் என்பது இதன் குறை. மோட்டார் சைக்கிள்களே மிகுதியாக ஓடும் ஊரில் இந்தத் திட்டுகள் பாதி வேலையைத்தான் செய்யும்.

அதிகம் பேசப்படாத, ஆனால் மிகவும் பயனுள்ள ஒரு மாற்றம் முனைகளில் இருக்கிறது. முதன்மைச் சாலையிலிருந்து குடியிருப்புத் தெருவுக்குத் திரும்பும் மூலை அகன்று வளைந்திருந்தால் வண்டி நெடுஞ்சாலை வேகத்திலேயே உள்ளே நுழையும். அந்த வளைவின் ஆரத்தைச் சுருக்கி மூலையைக் கூர்மையாக்கினால், நுழையும்போதே வேகம் தணிந்துவிடும். அதனுடன் தெருவின் வாயிலில் தரையின் நிறத்தையோ கல்லையோ மாற்றி, சாலையைச் சற்றுக் குறுக்கி, அங்கேயே வேக வரம்பையும் குறித்துவிட்டால், ஊரை அறியாத விருந்தினருக்கும் தாம் வேறு வகையான இடத்துக்குள் வந்துவிட்டோம் என்பது புரியும்.

இதன் எல்லையில் இருப்பது, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960களின் பிற்பகுதியிலிருந்து உருவாகி, 1976இல் அந்நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்ற குடியிருப்புத் தெரு வகை. அங்கே நடைபாதை என்றும் வண்டிப்பாதை என்றும் பிரிவு இல்லை. மரங்களும் இருக்கைகளும் நிறுத்துமிடங்களும் பாதையை வளைக்கின்றன. வாகனம் மிகவும் மெதுவாகச் செல்ல வேண்டும், குழந்தைகள் தெரு முழுவதும் விளையாடலாம். குறுகலான பழைய மீனவர் குடியிருப்புகளின் சந்துகள் பலவும் இயல்பிலேயே இப்படித்தான் இருக்கின்றன. அவற்றை அகலப்படுத்துவதை முன்னேற்றம் என்று எண்ணாமல் இருப்பதே அங்கே செய்யக்கூடிய சிறந்த வேகத்தணிப்பு.

மணல், உப்பு, நீர்

பாடப்புத்தக வரைபடத்தை அப்படியே கடற்கரைக்குக் கொண்டுவந்தால் தோற்கும் இடம் இது. சமதளமான தாழ்ந்த நிலத்தில் மழைநீர் ஓடுவதற்குக் கிடைக்கும் சாய்வு மிகக் குறைவு. அத்தகைய தெருவின் குறுக்கே 10 சென்டிமீட்டர் மேடு கட்டுவது ஒரு சிறிய அணை கட்டுவதற்கு ஒப்பாகும். ஓதம் ஏறிய நேரத்தில் வடிகால் வாய் கடல்நீரால் அடைபட்டிருந்தால் தேங்கிய நீர் வீடுகளுக்குள்ளே போகவும் வாய்ப்புண்டு. எனவே மேட்டின் இரு ஓரங்களிலும் நீர் ஓடுவதற்கான இடைவெளியை விட வேண்டும், அல்லது அடியில் மூடிய வாய்க்கால் அமைக்க வேண்டும். நீரின் போக்கைப் பார்த்துவிட்டே மேட்டின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். மேடைக் கடவைக்கு நிலத்தின் சற்று உயர்ந்த புள்ளியே ஏற்றது.

காற்றில் வரும் மணல் தார்ச்சாலையின் மேல் மெல்லிய படலமாகப் படியும்போது பிடிமானம் குறைகிறது. பிரேக் பிடித்து நிற்கும் தொலைவு மேலே சொன்ன கணக்கைவிட நீளும். பாதையை இடமும் வலமுமாக வளைக்கும் அமைப்புகளில் இது இருசக்கர ஓட்டுநர்களைச் சறுக்கிவிடக்கூடும் என்பதால், மணல் அடிக்கும் தெருக்களில் வளைவுகளைத் தவிர்த்துக் குறுக்கங்களையும் மென்மையான மேடுகளையும் தேர்வது நல்லது. சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகளை மணல் தேய்க்கிறது, வெயில் வெளுக்கச் செய்கிறது. நிறத்தை மட்டும் நம்பிய திட்டம் ஓரிரு பருவங்களில் கண்ணுக்குத் தெரியாமல் போகும். நிறத்துக்குப் பதிலாக வேறு நிறக் கல்லைப் பதித்தால் தேய்ந்தாலும் வேறுபாடு நிற்கும்.

ஆணி அடித்துப் பொருத்தும் ரப்பர் வேகத்தடைகள் விலை குறைவானவை என்பதால் விரும்பப்படுகின்றன. உப்புக் காற்றில் சாதாரண இரும்பு ஆணிகள் விரைவில் துருப்பிடித்துத் தளரும். பெயர்ந்த துண்டும் நீட்டிய ஆணியும் தடையைவிடப் பெரிய அபாயம். தற்காலிகச் சோதனைக்கு மட்டும் அவற்றைக் கொண்டு, அப்போதும் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்த வேண்டும். மரங்களையும் உப்பைத் தாங்குபவையாகத் தேர வேண்டும். விளக்கு விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது: கடவையில் நல்ல ஒளி வேண்டும், ஆனால் கடலாமைகள் முட்டையிடும் கரையானால், வெளிச்சம் கடற்கரையை நோக்கிச் சிதறினால் பொரித்த குஞ்சுகள் கடலைவிட்டு ஊரை நோக்கி நகர்ந்து மடிகின்றன. மூடியிட்டு கீழ்நோக்கி மட்டும் ஒளி தரும், மஞ்சள் நிற விளக்குகள் இரண்டு தேவையையும் நிறைவு செய்யும்.

புயலோ ஆழிப்பேரலை எச்சரிக்கையோ வரும்போது மக்கள் மேட்டுநிலம் நோக்கி வெளியேறும் வழிகளும் இந்தக் குறுக்குத் தெருக்களே. ஆகையால் போக்குவரத்தைத் துண்டிக்கும் இடத்தில் நிரந்தரச் சுவர் எழுப்பாமல், நெருப்பணைப்புப் படையும் காவல்துறையும் திறக்கக்கூடிய கம்பங்களை நட வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். படகு ஏற்றிய தாழ்வான இழுவண்டிகளும் விடியற்காலையில் பனிக்கட்டியோடு வரும் மீன் லாரிகளும் எந்தத் தெருவைப் பயன்படுத்துகின்றன என்று கேட்டறிந்து, அந்தத் தெருவில் செங்குத்தான மேடுகளைத் தவிர்க்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

அளவெடுப்பதிலிருந்து. சராசரி வேகத்தைவிட, நூற்றில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் செல்கின்றன என்ற எண்ணே பொறியாளர்கள் நாடுவது. ஏனெனில் ஆபத்து மேல்முனையில் இருக்கிறது. கூட்டக் காலத்தில் ஒரு முறை, வெறிச்சோடிய காலத்தில் ஒரு முறை, ஒவ்வொன்றிலும் வேலை நாளும் விடுமுறை நாளுமாக, வேகத்தோடு எண்ணிக்கையையும் சேர்த்து அளக்க வேண்டும். இந்த எண்கள் கையில் இல்லாமல் கூட்டம் கூட்டினால், வேகமாகப் போகிறார்கள் என்பவருக்கும் இல்லை என்பவருக்கும் இடையே குரலின் வலிமைதான் தீர்ப்பளிக்கும்.

அடுத்தது சோதனை. கூம்புகள், மணல் மூட்டைகள், பெரிய பூந்தொட்டிகள் ஆகியவற்றைக் கொண்டு குறுக்கத்தையும் துண்டிப்பையும் தற்காலிகமாக அமைத்து, இரண்டு பருவங்களையும் தொடும் அளவுக்கு விட்டுவைக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எழும் கோபத்தை வைத்து முடிவெடுப்பது நியாயமன்று. பழகிய வழி மாறும்போது எவருக்கும் எரிச்சல் வரும். அதே நேரம் பேருந்து திரும்ப முடியாமல் தவிக்கிறது, குப்பை வண்டி நுழையவில்லை என்ற குறைகள் உண்மையானவை, தொட்டியை ஒரு மீட்டர் நகர்த்தினால் தீர்பவை. கான்கிரீட்டில் கட்டிய பிறகு அந்த ஒரு மீட்டர் நகராது.

கேட்கப்படாமல் போகும் குரல்களைத் தேடிச் செல்வது உள்ளாட்சியின் பொறுப்பு. கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் வண்டி ஓட்டும் நடுவயதினர். அந்தத் தெருவை நடந்தே கடக்கும் பள்ளிக் குழந்தைகளும், கண் மங்கிய முதியவர்களும், தலைச்சுமையோடு செல்பவர்களும் அங்கே இருப்பதில்லை. கடை வைத்திருப்பவர்கள் வாடிக்கையாளர் குறைவார்கள் என்று அஞ்சுவார்கள். அவர்களோடு தனியே அமர்ந்து, சரக்கு இறக்கும் நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே ஒதுக்கிக் கொடுத்தால் பெரும்பாலான அச்சம் நீங்கும்.

கட்டி முடித்த ஓராண்டுக்குப் பின் அதே இடங்களில், அதே பருவங்களில் மீண்டும் அளக்க வேண்டும். பக்கத்துத் தெருக்களையும் சேர்த்தே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்கல் அங்கே குடிபெயர்ந்திருப்பது தெரியாது. வேகம் குறையாத இடத்தில் இன்னொரு பலகையை நடுவதற்கு முன், அந்த இடத்தில் சாலை எவ்வளவு அகலமாக இருக்கிறது, அடுத்த தணிப்பு அமைப்பு எத்தனை மீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்று அளந்து பார்த்தால், காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.